இரட்டைக் கோடு

பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் மரபியல் பாடம் எப்போது வரும் என்று நான் ஆண்டு முழுவதும் காத்திருப்பேன். மற்ற ஆசிரியைகளுக்கு அது பிடிக்காத பாடம். படம் வரைய வேண்டும், கட்டம் போட வேண்டும், பிள்ளைகள் குரோமோசோமையும் ஜீனையும் குழப்பிக்கொள்வார்கள், விடைத்தாள் திருத்தும்போது நமக்கே தலை சுற்றும். நான் அதை ஆசை ஆசையாக நடத்துவேன். பாடத்தின் மேல் உள்ள ஆசை என்று பிள்ளைகள் நினைத்தார்கள். அது என் தாய்மாமன் மேல் இருந்த ஆத்திரம்.

இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. சிலர் ஆத்திரத்தில் கோர்ட்டுக்குப் போவார்கள், சிலர் வேல்கம்பை எடுப்பார்கள். எனக்குக் கிடைத்தது சாக்பீஸ்.

மாமா என் அம்மாவின் தம்பி. நீடாமங்கலத்துக்கும் குடவாசலுக்கும் இடையில் இருந்த ஓர் ஊரில் பாதிக்கு மேல் நஞ்சை அவருடையது. என் அக்காவை அவருக்கே கட்டிக்கொடுத்தார்கள். உரிமைப் பெண், சொத்து வெளியே போகாது, பெண்ணும் கண்ணெதிரில் இருப்பாள் என்றார்கள். அக்காவை யாரும் கேட்கவில்லை. அவள் மாமாவின் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டவள். அதே மாமாவுக்குப் பக்கத்தில் மணையில் உட்கார வைத்தார்கள்.

மாமா விவசாயத்தில் கெட்டிக்காரர், அதை நான் மறுக்க மாட்டேன். ஒரே வயலின் நெல்லையே திரும்பத் திரும்ப விதைநெல்லாக எடுக்க மாட்டார். சில போகத்துக்கு ஒருமுறை கூத்தாநல்லூர் தாண்டி வண்டி கட்டிக்கொண்டு போய், வேறு மண்ணில் விளைந்த விதையை மாற்றிக்கொண்டு வருவார். "ஒரே விதைய உருட்டிக்கிட்டிருந்தா நெல்லு நோஞ்சானாப் பூடும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். இது பின்னால் எனக்கு உதவியது.

அக்கா முதல் முறை உண்டாகியிருந்தபோது துணைக்கு என்று என்னை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். எனக்கு அப்போது பாவாடை சட்டை வயது. அந்த ஆண்டு கூலிச் சண்டை பலமாக இருந்தது. நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருக்க, கூலி நெல்லைக் கூட்டிக் கொடுக்காமல் வயலில் இறங்க மாட்டோம் என்று ஆட்கள் கொடி கட்டி உட்கார்ந்துவிட்டார்கள். வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவரப் பார்த்தார் மாமா, வரப்பிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் தாசில்தார் வந்து உட்கார்ந்து பேசி ஒருவழியாகச் சண்டை தீர்ந்தது. நடவு தொடங்கிய கையோடு சூரிய கிரகணம் வந்தது.

மாமாவின் வயல் வேலைகளை மேற்பார்க்கும் காரியக்காரர் வந்து வாசலில் நின்றார். "கெரகணம் புடிக்குதுங்க. நடவுல ரெண்டு மூணு புள்ளத்தாச்சிங்க நிக்குது. கொஞ்ச நேரம் கரையேறச் சொல்லட்டுங்களா?"

"கெரகணமெல்லாம் நம்ம வூட்டுப் பொம்பளைங்களுக்குத்தான்யா. அதுகளுக்கு என்ன வந்துது? நாத்து முத்திக் கெடக்கு. ஒருத்தி ஏறக் கூடாது."

மாமா இப்படிச் சொன்னதை என் காதால் கேட்டேன். அப்போது எனக்கு அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. அந்த வீட்டில் அவர் சொல்வதெல்லாம் அப்படித்தான் இருக்கும்.

அக்காவைக் கதவு சன்னல் அடைத்த அறையில் உட்கார வைத்திருந்தார்கள். எனக்கு வெளியே போக ஆசை. கொல்லையில் ஒரு பேசினில் சாணத்தைக் கரைத்து வைத்து, அதில் சூரியனின் நிழலைப் பார்க்கலாம் என்று மாட்டுக்காரர் சொல்லியிருந்தார். யாருக்கும் தெரியாமல் நழுவி ஓடினேன். பேசினுக்குள் குனிந்து பார்த்துவிட்டு, நேராகவே பார்க்கலாமே என்று தலையைத் தூக்கினேன். அக்கா ஓடிவந்து என் கண்ணைப் பொத்தி, தரதரவென்று உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட அவள் வெளியே நின்றிருக்க மாட்டாள். மாமா அதைப் பார்த்துவிட்டார்.

பெண் குழந்தை பிறந்தது. கொழுகொழுவென்று இருந்தாள். மறுவருடம் தீபாவளிக்குப் பக்கத்து வீட்டு வாசலில் வெடி வெடித்தபோது தெருவிலிருந்த குழந்தைகள் எல்லாம் வீரிட்டு அழ, அக்காவின் இடுப்பில் இருந்தவள் மட்டும் தன் கொலுசைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அன்றுதான் அவளுக்குக் காது கேட்காது என்று தெரிந்தது. மாமாவுக்குக் காரணம் கையிலேயே இருந்தது. தீபாவளி அதுவுமாக அக்காவை அறைந்தார். "கெரகணத்துல ஆட்டம் போட்டியே, இப்ப அனுபவி" என்றார்.

தங்கையை இழுக்கத்தான் வெளியே போனேன் என்று அக்கா அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. அந்த அறை என் கன்னத்தில் விழுந்திருக்க வேண்டியது என்று நினைத்துக்கொண்டேதான் நான் வளர்ந்தேன். குழந்தையைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அவளுக்கு மிட்டாய் வாங்கிக்கொண்டு போவேன். அவள் என் கழுத்தைக் கட்டிக்கொள்வாள்.

இரண்டாவது பெண்ணுக்கு நன்றாகக் காது கேட்டது. மூன்றாவது பையன், அவனுக்கும் கேட்கவில்லை. அவன் வயிற்றில் இருந்தபோது எந்தக் கிரகணமும் இல்லை. மாமா அசரவில்லை. ஒருமுறை கிரகணம் பிடித்த வயிறு பிடித்ததுதான் என்று தீர்ப்புச் சொன்னார். அது முதல், சூரிய கிரகணமோ சந்திர கிரகணமோ, எது வந்தாலும் அக்காவை நெல் கொட்டி வைக்கும் உள்ளறையில் தள்ளி வெளியே தாழ்ப்பாள் போடுவது அந்த வீட்டில் வழக்கமாகிவிட்டது. அக்கா அப்போது கர்ப்பமாகவும் இல்லை, கர்ப்பமாகப் போவதுமில்லை. ஆனாலும் உள்ளே போவாள். சன்னல் இல்லாத அறை. கிரகணம் விட்டு, மாமா குளித்துவிட்டு வந்து திறக்கும்வரை நெல் தூசியில் இருமிக்கொண்டிருப்பாள்.

ஆண் பிள்ளை என்பதால் பையனைத் தஞ்சாவூரில் காது கேளாதோர் பள்ளி விடுதியில் சேர்த்தார். பெரிய பெண்ணை எங்கேயும் சேர்க்கவில்லை. வீட்டுக்குக் கட்சிக்காரர்களோ அதிகாரிகளோ வந்தால் அவளை மாட்டுக்கொட்டகைப் பக்கம் அனுப்பிவிடுவார்கள். ஊரில் புதிதாக வந்தவர்களுக்கு மாமாவுக்கு அப்படி ஒரு மகள் இருப்பதே தெரியாது. அக்கா அவளோடு கையால் பேசுவாள். இரண்டு பேரும் தாங்களாகவே உண்டாக்கிக்கொண்ட பாஷை அது. அதில் கிரகணத்துக்கும் ஒரு சைகை உண்டு: ஒரு கையை முட்டியாக மூடி, மற்றக் கையால் அதைப் போர்த்துவது. உனக்கு ஏன் காது கேட்கவில்லை என்று சைகையில் கேட்டால், அந்தப் பெண் அந்தச் சைகையைத்தான் காட்டுவாள்.

கல்லூரியில் மரபியல் வகுப்பில் பேராசிரியை ஒருநாள் வம்சாவளிப் படம் ஒன்றைக் கரும்பலகையில் வரைந்தார். கட்டம் என்றால் ஆண், வட்டம் என்றால் பெண். கணவனையும் மனைவியையும் ஒரு கோடு சேர்க்கும். சொந்தத்துக்குள் கட்டியிருந்தால் இரட்டைக் கோடு. நோய் உள்ளவர்களுக்கு உள்ளே கறுப்பு அடிக்க வேண்டும். ஒவ்வொரு ஜீனும் நமக்கு இரண்டு பிரதியாக வருகிறது, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஒன்று பழுதாக இருந்தால் மற்றது சமாளித்துவிடும், வெளியே தெரியாது. ஒரே முன்னோரிடமிருந்து வந்த அதே பழுது புருஷனிடமும் இருந்து பெண்டாட்டியிடமும் இருந்தால், நான்கில் ஒன்று என்ற வாய்ப்பில் பிள்ளைக்கு இரண்டுமே பழுதாகப் போகலாம். பிறவிச் செவிடு பல வீடுகளில் இப்படித்தான் வருகிறது என்று சொல்லிவிட்டு, அவர் ஒரு வட்டத்தைக் கறுப்பாக்கினார்.

நான் நோட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டேன். அக்காவின் மூத்த பெண் அங்கே கரும்பலகையில் இருந்தாள். பேசின் இல்லை, சாணம் இல்லை, கிரகணம் இல்லை, ஓடிப்போன நான் இல்லை. அந்த இரட்டைக் கோட்டைப் போட்டவர்கள்தான் காரணம், அதில் பாதிப் பங்கு மாமாவின் உடம்பிலிருந்தே வந்தது. முதலில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. விடுதிக்குத் திரும்புவதற்குள் அந்த நிம்மதி போய் ஆத்திரம் வந்துவிட்டது.

விடுமுறைக்குப் போனபோது மாமாவிடம் சொன்னேன். அவர் பல் குத்திக்கொண்டே கேட்டார். "அந்தப் புஸ்தகத்த எழுதுனவன் நம்ம ஊர் கெரகணத்தப் பாத்திருக்கானா?" பிறகு பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். "பொட்டப் புள்ளைய படிக்க வச்சா இப்புடித்தான், சொந்தத் தாய்மாமனோட ஒடம்புலயே கோளாறு கண்டுபுடிக்கும்." எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சோற்றுத் தட்டோடு கதவோரம் நின்றிருந்தாள். உன் ஊரிலேயே, உன் ஆட்கள் முன்னாலேயே இதைச் சொல்லிக் காட்டுகிறேன் என்று அன்றைக்கு நான் மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

வேலை கிடைத்ததும் வேறு நல்ல ஊர்கள் இருந்தும், மாமாவின் ஊருக்குப் பக்கத்து டவுனில் இருந்த பெண்கள் மேல்நிலைப் பள்ளிக்கே மாற்றல் கேட்டு வாங்கினேன். அக்காவுக்கு ஆதரவாக இருக்க வந்திருக்கிறாள் என்று ஊர் மெச்சியது. அங்கே பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் யார் என்றால், மாமாதான். ஆட்சி மாறினால் அவர் வேட்டியின் கரை மாறும், தலைவர் பதவி மட்டும் மாறாது.

அக்காவின் இரண்டாவது பெண் பன்னிரண்டாம் வகுப்பில் என்னிடமே வந்தாள். வீட்டில் சித்தி, பள்ளியில் டீச்சர். நன்றாகப் படிப்பாள், மேலே படிக்கவும் ஆசை. ஆனால் பரீட்சை முடிந்ததும் கல்யாணம் என்று மாமா முடிவு செய்திருந்தார். மாப்பிள்ளை அவருடைய தங்கையின் மகன், எனக்குத் தம்பி முறை. அதற்கும் நிலம்தான் காரணம். நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது, கையை விட்டுப் போகாமல் இருக்க ஆற்றோரத்து நல்ல நஞ்சையைத் தங்கையின் பெயருக்குப் பினாமியாக எழுதியிருந்தார். இப்போது தங்கை அதை உரிமையாகப் பேசத் தொடங்கியிருந்தாள். மகளைக் கொடுத்தால் அவள் வழியாக நிலம் தன் பக்கமே திரும்பி வந்துவிடும் என்பது மாமாவின் கணக்கு. அந்தத் தங்கையையும் சொந்தத்தில்தான் கட்டியிருந்தார்கள். மாப்பிள்ளைப் பையனின் தம்பி ஒருவன், காது கேட்காதவன், அந்த வீட்டுக் கொல்லையில் வளர்ந்துகொண்டிருந்தான். அவன் வயிற்றில் இருந்தபோது அவள் ஒரு சாவு வீட்டுக்குப் போய்வந்ததுதான் காரணம் என்று அவளுக்கும் ஒரு பழி இருந்தது.

அக்காவின் பெண்ணும் அதே அறைக்குள் போகப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. வேறு வீட்டு அறை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த ஆண்டு பாடத்தை மெதுவாக, ஒன்றும் விடாமல் நடத்தினேன். இருபத்து மூன்று ஜோடிக் குரோமோசோமையும் பிள்ளைகளை வைத்தே வரைய வைத்தேன். ஒரு குரோமோசோம் கூடுதலாக இருந்தால் என்ன ஆகும், நிறக்குருடு ஏன் ஆண்களுக்கு அதிகம், ரத்தம் உறையாத நோய் எப்படி அம்மாவழி வருகிறது என்று எல்லாம் முடித்துவிட்டு, சாக்பீஸைக் கீழே வைத்துக் கேட்டேன். "பிறவியிலயே காது கேக்காம சில குழந்தைங்க பொறக்குதே, ஏன்?"

வகுப்பே ஒரே குரலில் சொன்னது. "கிரகணம் டீச்சர்!"

என் அக்கா மகள் தலையைக் குனிந்துகொண்டாள். கடைசிப் பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். மாமா ஊர்க் காலனிப் பெண். தம்பி தங்கைகளைத் தூக்கி வளர்த்ததில் ஒரு வருடம் தாமதமாகப் பள்ளியில் சேர்ந்தவள். அதிகம் பேசாதவள்.

"அது பொய்ங்க டீச்சர்."

"எப்படிச் சொல்ற?"

"எங்கம்மா என்னைய வயித்துல வச்சிக்கிட்டு, கெரகணத்தன்னிக்கு முழுக்க நடவு நட்டாங்க. கரையேறக் கூடாதுன்னுட்டாங்களாம். அன்னிக்கு எங்க தெருவுல இன்னும் ரெண்டு பேரு புள்ளத்தாச்சிங்க. எங்க எல்லாருக்கும் நல்லாத்தான் காது கேக்குது."

"யாரு வயல்ல?"

அவள் முன்பெஞ்சில் இருந்த அக்கா மகளைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தயங்கிச் சொன்னாள். "இவங்க வயல்லதாங்க டீச்சர்."

காரியக்காரர் வாசலில் நின்றதும், மாமா சொன்னதும், ஒரு வார்த்தை விடாமல் ஞாபகத்துக்கு வந்தது. அதே நாள், அதே கிரகணம். வீட்டுக்குள் அடைத்து வைத்தவளின் பிள்ளைக்குக் காது கேட்கவில்லை, வெட்டவெளியில் சேற்றில் நின்றவர்களின் பிள்ளைகளுக்குக் கேட்கிறது. எந்த ஆராய்ச்சிக்காரனுக்கும் இப்படி ஒரு பரிசோதனை அமையாது. மாமாவே எனக்கு அதை நடத்திக் கொடுத்திருந்தார்.

மாலையில் அக்கா மகள் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். அழுதிருந்தாள்.

"சித்தி, அப்ப எனக்குள்ளயும் அது இருக்கா?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இருந்தாலும் ஒன்னை ஒண்ணும் பண்ணாது. வெளியில யாரையாவது கட்டிக்கிட்டா, ஒம் புள்ளைங்களுக்கு வர்றது ரொம்ப அபூர்வம்."

"அத்தை மகனைக் கட்டிக்கிட்டா?"

"வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா அங்கயும் ஒரு புள்ளை இருக்கான். பயப்படத்தான் வேணும்."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அறிவியல் கண்காட்சிக்கு அந்தப் படத்த நான் வரையறேன் சித்தி."

அவளாகக் கேட்காவிட்டால் நான் கேட்டிருப்பேன். கண்காட்சியைத் திறந்து வைக்கப் போகிற சிறப்பு விருந்தினர் மாமா. காலனிப் பெண்ணையும் அதே படத்துக்குப் போட்டேன். உங்கள் வீட்டுக்கு ஏதும் தொந்தரவு வராதா என்று கேட்டதற்கு அவள் சிரித்தாள். "நாங்க குடியிருக்குற மனைக்கட்டுப் பட்டா எங்க பேர்ல ஆயிடுச்சுங்க டீச்சர். இப்ப அப்பாவும் டவுன்லதான் வேலை பாக்குறாங்க. அவங்க என்ன பண்ண முடியும்?" மாமாவின் தங்கையை நானே நேரில் போய் அழைத்தேன். உங்கள் வருங்கால மருமகள் படம் விளக்கப் போகிறாள், வந்து பாருங்கள் என்று வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டேன். அப்போது என் வாய் எவ்வளவு இனித்தது என்று எனக்குத்தான் தெரியும்.

கண்காட்சியன்று மாமா பட்டுக்கரை வேட்டியில் வந்தார். தலைமையாசிரியை பொன்னாடை போர்த்தினார். பின்னால் கட்சிக்காரர்கள், ஊர்ப் பெரியவர்கள், உர வியாபாரிகள், தங்கை என்று ஒரு கூட்டம். இதய மாதிரி, எரிமலை, சாண எரிவாயு எல்லாம் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே எங்கள் மேசைக்கு வந்தார்கள். சார்ட் பேப்பரில் கட்டமும் வட்டமும் இருந்தன, பெயர் எதுவும் இல்லை. விருந்தினர் யாராக இருந்தாலும் ஐயா என்றுதான் சொல்ல வேண்டும் என்று பழக்கியிருந்தோம். அக்கா மகள் குச்சியை எடுத்தாள்.

"வணக்கம் ஐயா. கட்டம் ஆண், வட்டம் பெண். இரட்டைக் கோடு போட்டிருப்பது நெருங்கிய சொந்தத்தில் நடந்த திருமணம். இந்த ஆண் தன் அக்கா மகளை மணந்திருக்கிறார். இவர்களுக்கு மூன்று குழந்தைகள். கறுப்பு அடித்திருக்கும் முதல் பெண்ணுக்கும் கடைசிப் பையனுக்கும் பிறவியிலேயே காது கேட்காது. இந்த ஆணின் தங்கையும் சொந்தத்தில் மணந்திருக்கிறார். அங்கேயும் ஒரு குழந்தைக்குக் கேட்காது. இதற்குக் காரணமான ஜீன், தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வருகிறது. தாய் மட்டும் காரணம் இல்லை."

குரல் நடுங்கவில்லை. ஊர்க்காரர்களுக்குப் பெயர் எழுதியா காட்ட வேண்டும்? எல்லோரும் மனதுக்குள் பொருத்திப் பார்த்துவிட்டார்கள். மாமா பேசாமல் அடுத்த மேசைக்குப் போயிருந்தால் தப்பித்திருப்பார். ஆனால் ஊர் முன்னால் வாய் மூடிப் பழக்கமில்லாத மனிதர்.

"படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா பெரியவங்க சொன்னதுக்கும் அர்த்தம் இருக்கு. புள்ளத்தாச்சி கெரகணத்துல வெளிய வந்தா இந்தக் கோளாறு வரத்தான் செய்யும். எங்க ஊட்லயே கண்ணால பாத்தவன் நான்."

நான் காலனிப் பெண்ணைப் பார்த்தேன். அவள் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"எங்கம்மா அந்தக் கெரகணத்துல உங்க வயல்லதாங்கய்யா நட்டுக்கிட்டிருந்தாங்க. நான் வயித்துல. கரையேறக் கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்களாம். எனக்கு நல்லாக் காது கேக்குதுங்கய்யா."

பின்னாலிருந்து யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். ஓர் உர வியாபாரி தோளில் கிடந்த துண்டால் வாயை மூடிக்கொண்டார். மாமா அந்தப் பெண்ணைப் பார்த்தார், தன் மகளைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். எத்தனையோ வருடமாக நான் காத்திருந்தது அந்தப் பார்வைக்குத்தான். கண்ணைத் தாழ்த்தாமல் அதை வாங்கிக்கொண்டேன், எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

கூட்டம் கலைந்ததும் ஸ்டாஃப் ரூமுக்கே வந்துவிட்டார். பொன்னாடையைக் கழற்றிச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார்.

"குடும்ப மானத்தச் சந்தி சிரிக்க வச்சிட்டியே. நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

"நெல்லுக்கு வெளியூர் வெதை தேடி வண்டி கட்டிப் போறீங்க மாமா. ஒரே வெதைய உருட்டுனா நோஞ்சானாப் பூடும்னு நீங்கதானே சொல்லுவீங்க? பொண்ணுக்கு மட்டும் வீட்டுக்குள்ளயே ஏன் தேடுறீங்க?"

நெல்லில் விதை மாற்றுவதற்குக் காரணம் வேறு என்று எனக்குத் தெரியும். வகுப்பில் ஒரு பிள்ளை அப்படி எழுதியிருந்தால் மதிப்பெண் போட்டிருக்க மாட்டேன். அன்றைக்கு அதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க எனக்கு மனமில்லை. விவசாயத்தைத் தொட்டதும் மாமா பொன்னாடையை என் மேசையில் எறிந்துவிட்டு வெளியே போனார்.

அடுத்த வாரம் அவருடைய தங்கை ஆள் அனுப்பினாள். பையனுக்கு வேறு இடத்தில் பார்த்துக்கொள்கிறோம், டீச்சரம்மா பள்ளிக்கூடத்திலேயே படம் போட்டுக் காட்டிவிட்டார்கள், தெரிந்தே யார் கிணற்றில் விழுவார்கள் என்று. நிலத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பட்டா அவள் பெயரில், வரி ரசீது அவள் பெயரில். பினாமி என்று மாமா கோர்ட்டில் போய்ச் சொல்ல முடியுமா? சொன்னால் சர்க்கார் எடுத்துக்கொள்ளும். சட்டத்தால் பிடுங்க முடியாத நஞ்சையை ஒரு சார்ட் பேப்பர் பிடுங்கிவிட்டது என்று ஊரில் வெகுநாள் பேசினார்கள். அந்த வயல் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் நான் சன்னலோர இருக்கை தேடி உட்காருவேன்.

அக்கா மகள் கல்லூரிக்குப் போனாள். மாமா தடுத்துப் பார்த்தார். நான் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தேன், அக்கா முதல் முறையாகக் கூடவே கிளம்பி வந்தாள். வழியில் பஸ்ஸில் அவளிடம் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவள் கடைசியில் கேட்டாள்.

"அப்ப அன்னிக்கு நீ ஓடுனதால இல்லியாடி?"

"இல்லக்கா."

"நல்லதாப் போச்சு" என்றாள். அவ்வளவு வருடமும் அவள் எனக்காகத்தான் வாயை மூடி வைத்திருந்தாள் என்று அப்போதுதான் புரிந்தது. எனக்கு மாமாவின் மேல் இருந்த ஆத்திரம் குறையவில்லை, இன்னும் ஏறியது.

அடுத்த சூரிய கிரகணம் ஒரு விடுமுறை நாளில் வந்தது. நான் அக்கா வீட்டில் இருந்தேன். மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள். மாமா எதிலும் மாறியிருக்கவில்லை. காலையிலேயே கதவு சன்னல்களை அடைத்தார். விதைநெல்லுக்குத் தீட்டுப் படக் கூடாது என்று தர்ப்பைப் புல்லை எடுத்துக்கொண்டு நெல் அறைக்குள் போனார். அதைப் போட்டுவிட்டு வந்து அக்காவை உள்ளே அனுப்புவது வழக்கம். அக்கா அறை வாசலில் கை கட்டி நின்றிருந்தாள். அவர் உள்ளே மூட்டை மூட்டையாகக் குனிந்து தர்ப்பை வைத்துக்கொண்டிருக்கும்போது, கையை நீட்டிக் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டாள். சாவகாசமாக, அரிசிப் பானையை மூடி வைக்கிற மாதிரி.

"வாங்க" என்றாள் எங்களிடம். பெரியவளுக்கும் பையனுக்கும் கையால் சொன்னாள்.

கொல்லையில் புங்க மரத்தடியில் போய் நின்றோம். வெயில் மங்கி, காக்கைகள் அடங்கின. இலைகளின் இடுக்கு வழியாக விழுந்த வெளிச்சமெல்லாம் தரையில் சின்னச் சின்னப் பிறைகளாகக் கிடந்தன. மேலே பார்க்கக் கூடாது, இங்கே பாருங்கள் என்று தரையைக் காட்டினேன். பெரியவள் குனிந்து ஒரு பிறையைத் தொட்டுப் பார்த்தாள். அது அவள் விரல் மேல் ஏறி உட்கார்ந்தது. அவள் நிமிர்ந்து, ஒரு கையை முட்டியாக மூடி மற்றக் கையால் அதைப் போர்த்தி, அம்மாவைப் பார்த்துக் கேட்டாள். இதுவா?

அக்கா ஆமாம் என்று தலையாட்டினாள். பிறகு அந்தப் பெண்ணின் காதைத் தொட்டு, இல்லை இல்லை என்று கையை ஆட்டினாள். புங்க மரத்தையும், எங்களையும், தன்னையும் காட்டி மறுபடி இல்லை என்றாள். கடைசியாக நெல் அறைப் பக்கம் விரலை நீட்டினாள்.

மாமா கதவைத் தட்டத் தொடங்கியிருந்தார். முதலில் கையால், பிறகு எதையோ எடுத்து இடித்தார். அக்கா பெயரைச் சொல்லிக் கத்தினார், என் பெயரைச் சொல்லிக் கத்தினார், இருமினார், மறுபடி இடித்தார். பெரியவளுக்கும் பையனுக்கும் அது கேட்கவில்லை. அவர்கள் பிறைகளை மிதித்துவிடாமல் தாண்டித் தாண்டி நடந்துகொண்டிருந்தார்கள்.

எங்கள் மூன்று பேருக்கும் நன்றாகக் கேட்டது. கிரகணம் முழுக்க விடும்வரை நாங்கள் அங்கேயே நின்றோம்.